பனிமலையில் ஒரு கட்டியங்காரன்

ராப் பாட்டுக்கும் நரை கண்டுவிட்டது. 1973-ம் ஆண்டு ஆகஸ்டு 11-ந் தேதி, நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில், கூல் ஹெர்க் என்ற இளைஞர் ஒரு விருந்தில் இசைத்தட்டுகளைச் சுழற்றினார். ஹிப் ஹாப் கலை பிறந்த நாள் அதுவே என்பார்கள். தாளத்துக்கிடையே வாய்ச் சாதுரியத்தால் கூட்டத்தை நடத்தியவர்களுக்கு 'எம்.ஸி.', அதாவது சபை நடத்துவோர் என்று பெயர். அந்தப் பேச்சே வளர்ந்து பாட்டாயிற்று. அன்றைய வாலிபர்கள் இன்று தாத்தாக்கள். ஆயினும் அவர்கள் ஓய்ந்துவிடவில்லை. பனிச்சறுக்கு ஆடும் மலையூர்களிலுங்கூட முதிய ராப் பாடகர்களுக்கு இப்போது மேடை கிடைக்கிறது.

அந்த மேடைகளின் தர்மமே வேறு. ஆஸ்திரியா தேசத்து இஷ்கல் என்ற ஊரில், சுமார் 2,300 மீட்டர் உயரத்தில், பனிவெளியிலேயே கச்சேரி நடத்துகிறார்கள். எல்டன் ஜான் போன்ற மகா பிரபலங்கள் பாடிய ஊர் அது. பனிச்சறுக்குக்குச் சீட்டு வாங்கியவர்களுக்கு அங்கே பாட்டு இனாம்! கத்தரிக்காய் வாங்கினால் கறிவேப்பிலை கொசுறு என்பதைப் போல.

பாடுகிறவரின் பாட்டைச் சற்று எண்ணிப் பாருங்கள். அந்த உயரத்தில் காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் முக்கால் பங்குதான். ராப் பாடகருக்கோ மூச்சுத்தான் மூலதனம். ஒரே மூச்சில் சொற்களைச் சரமாகத் தொடுக்க வேண்டும். எதிரே இருப்பவர்கள் அவரைத் தேடி வந்தவர்கள் அல்ல, சறுக்கி விளையாட வந்தவர்கள். கையுறை போட்ட கைகளைத் தட்டினாலும் ஓசை எழாது. அப்படிப்பட்ட சபையையும் ஒரு கிழவர் வசப்படுத்துகிறார் என்றால், அது ஐம்பதாண்டு வித்தையின் வலிமையே அன்றி வேறில்லை.

தமிழுக்கும் இக்கலை புதிதல்ல. மலேசியாவின் யோகி பி, 2006-ல் நட்சத்திரா குழுவினருடன் 'வல்லவன்' என்ற இசைத்தொகுப்பை வெளியிட்டார். தமிழ் ராப்பை வீடுதோறும் கொண்டு சேர்த்தவர்களுள் அவர் முக்கியமானவர். ஆனால் அதற்கு வெகு காலம் முன்பே நம்மிடம் ஓர் 'எம்.ஸி.' இருந்தார். அவர்தாம் தெருக்கூத்தின் கட்டியங்காரன்!

சங்கராபரணி ஆற்றங்கரையில் உள்ள மண்ணாடிப்பட்டுப் பகுதியும், அதை அடுத்த விழுப்புரம் சீமையும் கூத்துக்குப் பேர்போன பூமி. திரௌபதி அம்மன் திருவிழாக்களில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. முகவீணையும் மிருதங்கமும் முழங்க, கட்டியங்காரன் முதலில் தோன்றி, வரப்போகும் ராஜாவுக்குக் கட்டியம் கூறுவான். பிறகு அந்த ராஜாவையே கேலி செய்வான். ஊர்ப் பெரிய மனிதரையும் விடமாட்டான். எல்லாம் அந்தக் கணத்தில் பிறக்கும் சொல். பொழுது விடியும் வரை சபையைத் தூங்கவிடாமல் காப்பது அவன் பொறுப்பு.

அங்கேயும் டிக்கட் கிடையாது. ஆனால் கூத்து அங்கே கொசுறு அல்ல. ஊரார் வரி போட்டு, பாய் விரித்து, அதற்காகவே விழித்திருக்கிறார்கள்.

இந்த வித்தியாசத்தை நாம் மறந்து வருகிறோம் என்பதுதான் நம் கவலை. விழா மேடைகளிலும், உல்லாசப் பயணிகளுக்கான நிகழ்ச்சிகளிலும் இராமுழுக் கூத்தை அரைமணிக்குச் சுருக்கிவிடுகிறார்கள். முதிய கலைஞர் வேஷங்கட்டப் பிடிக்கும் நேரங்கூட ஆடக் கிடைப்பதில்லை. கிரீடமும் புஜகீர்த்தியும் கண்ணுக்குத் தெரிகின்றன. சொல்லைக் கேட்பார் இல்லை. கேட்பார் இல்லாத சொல்லை எந்தப் பிள்ளை வந்து கற்றுக்கொள்வான்?

பனிமலைக் கிழவருக்குக் கொசுறாகப் பாடினாலும் குறைவில்லை. அவர் பாட்டை உலகமே பதிவுசெய்து வைத்திருக்கிறது. நம் கட்டியங்காரனின் சொல்லோ அவனோடு போய்விடும். ஆகையால் நேயர்களுக்கு ஒரு விண்ணப்பம்: வருகிற சித்திரையில் பக்கத்துக் கிராமத்தில் கூத்து என்று கேள்விப்பட்டால், குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு போங்கள். விடியும் வரை உட்கார்ந்து கேளுங்கள். கட்டியங்காரன் உங்களையே கேலி செய்தால், சிரித்துக்கொண்டே அவனுக்கு அன்பளிப்புக் கொடுத்துவிட்டு வாருங்கள்.