கலயத்துக்கு ஒரு சட்டம், பீப்பாய்க்கு ஒரு சட்டம்

போன மாதம் பெங்களூரில் மகன் வீட்டில் பத்து நாள் தங்கியிருந்தேன். மதுரைக்குக் கிளம்பும் முதல் நாள் இரவு, பேரன் ஒரு குட்டையான கறுப்பு பாட்டிலைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தான். அமெரிக்காவில் வாங்கியதாம்.

"தாத்தா, இது சாதாரண பீர் இல்ல. கோதுமையில செஞ்சது. ஒரு வருஷம் ஓக் மரப் பீப்பாய்ல கிடந்தது. கிராஃப்ட் பீர். ஒரு வாய் குடிச்சுப் பாருங்க."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு லேபிளைப் படித்தேன். 11 சதவீதம் ஆல்கஹால். விலையை நம்மூர்ப் பணத்தில் சொன்னான், இரண்டாயிரத்துக்குப் பக்கம். எனக்கு எழுபத்துநாலு வயது, சர்க்கரை வேறு. இரண்டு ஸ்பூன் அளவுதான் வாயில் விட்டேன். தேனும் வெனிலாவும் கருகிய மரமும் கலந்த ஒரு ருசி. நன்றாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

பேரன் விளக்கமும் சொன்னான். கோதுமைக்கு உமி கிடையாது. தனியாக ஊறவைத்தால் கஞ்சி போல் இறுகி வடியாது. அதனால் பார்லியையும் சேர்த்துக்கொள்கிறார்கள். பீப்பாயோ பூர்பன் விஸ்கி இருந்த பழைய பீப்பாய். உள்பக்கம் தீயால் கருக்கிய புது ஓக் மரத்தில்தான் பூர்பனை வைக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். ஒரு தடவை பயன்பட்ட பீப்பாயை ஸ்காட்லாந்து விஸ்கிக்காரர்களும் பீர் காய்ச்சுகிறவர்களும் வாங்கிக்கொள்கிறார்கள். வெனிலா மணம் அந்த மரத்திலிருந்து வருவது.

"எல்லாம் கைவினை தாத்தா. மெஷின்ல கொட்டி எடுக்கிறது இல்ல" என்றான்.

அந்த 'கைவினை' என்ற சொல்தான் என்னைத் தூங்கவிடவில்லை.

திருமங்கலத்துக்குத் தெற்கே, கரிசல் தொடங்கும் பக்கம், எனக்குத் தெரிந்த ஒரு பனையேறி இருந்தார். காலில் தளைநார் மாட்டி, இடுப்பில் அரிவாள் பெட்டி கட்டி, ஒரு நாளைக்கு இரண்டு வேளை ஒவ்வொரு மரமும் ஏறுவார். பாளையை இடுக்கியால் பதமாக நசுக்கி, நுனியை ஒரு இழை அளவு சீவி, கலயம் கட்டுவார். ஒரு இழை கூடச் சீவினால் பாளை பாழ். குறைத்துச் சீவினால் சொட்டாது. இது கைவினை இல்லையென்றால் வேறு எது கைவினை?

கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவியிருந்தால் வடிவது பதநீர். அரசு அனுமதிக்கும், உடம்புக்கு நல்லது என்று விளம்பரமும் செய்யும். சுண்ணாம்பு தடவாவிட்டால் காற்றில் இருக்கும் ஈஸ்ட்டே சில மணி நேரத்தில் அதைக் கள்ளாக்கிவிடும். சுமார் 5 சதவீதம் ஆல்கஹால். மறுநாள் புளித்துக் காடியாகிவிடும். சேர்த்து வைத்து விற்கவும் முடியாது. அதை இறக்கினால் மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். ஒரு விரல் சுண்ணாம்புதான் தொழிலாளிக்கும் குற்றவாளிக்கும் உள்ள வித்தியாசம்.

1987 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் கள்ளுக்கும் சாராயத்துக்கும் தடை. அப்போது நான் மதுரையில் ஒரு அலுவலகத்தில் உதவியாளர். அந்த ஆண்டு அந்தப் பனையேறி ஒரு மனுவோடு வந்தார். சாராயக் கடையை மூடுங்கள், மரத்திலிருந்து இறக்கி அன்றன்றைக்கு விற்கும் கள்ளை மட்டும் விடுங்கள் என்பதுதான் மனு. "ஐயா, சட்டத்தைக் கேட்டா பாளை சுரக்குது?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. 'விதிகளில் இடமில்லை' என்று குறிப்பு எழுதி, எல்.டிஸ். போட்டு முடித்தேன். ஒரு வருடத்தில் அழிக்கப்படும் கோப்பு அது. அலுவலகத்தில் வேலை பார்த்த நண்பர்களுக்குப் புரியும்.

1983-ல் தொடங்கிய டாஸ்மாக் 2003 முதல் சில்லறைக் கடைகளையும் தானே நடத்துகிறது. 2023-24-ல் அரசுக்கு அதன்மூலம் கிடைத்தது 45,000 கோடி ரூபாய்க்கு மேல். அங்கே விற்கும் பிராந்தியில் ஆல்கஹால் கிட்டத்தட்ட 43 சதவீதம். எலைட் கடைக்குப் போனால் வெளிநாட்டுச் சரக்கும் ஏ.சி. அறையில் கிடைக்கும். ஆக, தடை போதைக்கு அல்ல. கலயத்துக்கு மட்டும்தான்.

இன்னொரு வேடிக்கை. பனை நம் மாநில மரம். அதை வெட்ட வேண்டுமானால் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டில் அறிவித்தார்கள். நல்ல காரியம். ஆனால் ஏறுகிறவனுக்குப் பிழைப்பில்லாத மரத்தை எந்த உத்தரவு எத்தனை நாள் காப்பாற்றும்?

"கள்ளில் கலப்படம் செய்வார்கள், மாத்திரை கலப்பார்கள்" என்று சொல்வீர்கள். உண்மை, செய்வார்கள். அதற்குத்தான் நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்த பாடத்தை நினைவுபடுத்துகிறேன். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஒரு பூச்சி பிரான்சின் திராட்சைத் தோட்டங்களை அழித்தது. உலர்ந்த திராட்சையையும் சர்க்கரையையும் தண்ணீரில் கலந்து ஒயின் என்று விற்றார்கள். அந்த அரசு திராட்சைக் கொடியை வெட்டவில்லை. 1905-ல் கலப்படத்துக்கு எதிராகச் சட்டம் போட்டது. 1935-ல், எந்த ஊர் ஒயின் எந்த மண்ணில் எப்படிச் செய்யப்பட வேண்டும் என்று விதி வகுத்து, ஊர்ப் பெயருக்கே காவல் போட்டது. பீப்பாய்க்கான ஓக் மரத்தின் கதையும் அப்படித்தான். 1669-ல் கொல்பேர் என்ற மந்திரி கப்பல் கட்ட மரம் வேண்டும் என்று காடுகளுக்குச் சட்டம் போட்டார். அவர் காலத்தில் சீரமைத்த துரோன்சே காட்டின் ஓக் இன்றைக்கு ஒயின் பீப்பாயாகிறது. அவர்கள் மரத்தையும் காத்தார்கள், தொழிலையும் காத்தார்கள்.

பிரான்ஸ் தூரம் என்றால், ஆரப்பாளையத்தில் குமுளி பஸ் ஏறுங்கள். எல்லையைத் தாண்டினால் கள் தொழில் சட்டப்படி நடக்கிறது. கள்ளுத் தொழிலாளர்களுக்கென 1969-லேயே கேரளம் நலநிதிச் சட்டம் போட்டது. அங்கேயும் கலப்படம் உண்டு, வழக்கும் உண்டு. தப்பு செய்தவனைப் பிடிக்கிறார்கள். மரம் ஏறுகிறவன் எல்லாரையும் பிடிப்பதில்லை.

நான் யாரையும் குடிக்கச் சொல்லவில்லை. குடியால் தாலி இழந்த பெண்கள் என் தெருவிலேயே இருக்கிறார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபது பேருக்கு மேல் பலி வாங்கியது. முழு மதுவிலக்கு வரட்டும், முதல் கையெழுத்து என்னுடையது. ஆனால் அன்றைக்கு முதலில் பூட்ட வேண்டியது 43 சதவீதக் கடையை. அதைத் திறந்து வைத்துக்கொண்டு 5 சதவீதக் கலயத்தை உடைப்பது மதுவிலக்கு ஆகாது. அது வியாபாரப் போட்டி.

மூடாத வரை, ஏறுகிறவர்களுக்குக் கூட்டுறவுச் சங்கம் அமையுங்கள். மரத்துக்கு எண் கொடுங்கள். அன்றன்றைய கள்ளைச் சோதித்து விற்கவிடுங்கள். கலப்படம் செய்தவனை உள்ளே போடுங்கள்.

பேரனிடம் அந்தப் பனையேறியைப் பற்றிச் சொன்னேன். "அவர் பண்ணதும் கிராஃப்ட்தானே தாத்தா? அப்ப ஏன் தப்புன்னாங்க?" என்று கேட்டான். முப்பத்தெட்டு வருடத்துக்கு முன்னால் அந்த மனுவை எல்.டிஸ். போட்டு முடித்தவன் நான். அவனுக்கும் என்னிடம் பதில் இல்லை.