விளம்பரம் எந்தப் பக்கத்தைத் திறக்கிறது?

ஆடி 18-ஐ ஒட்டிக் கொல்லிமலைச் செம்மேட்டில் வல்வில் ஓரி விழா நடக்கும். அந்த மலையைப் பற்றி நூல் வெளியிட்டவர்கள் முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் விளம்பரம் செய்ய அதைவிடப் பொருத்தமான நாட்கள் இல்லை. ஆனால் அட்டைப்படத்துக்கும் வாசகத்துக்கும் காட்டும் அக்கறையில் பாதியைக்கூட நம்மில் பலர் அதன் அடியில் ஒட்டும் இணைப்புக்குக் காட்டுவதில்லை. விளம்பரப் பணம் வீணாவது பெரும்பாலும் அந்த ஒரு வரியில்தான்.

இணையக் கடையில் ‘கொல்லிமலை’ என்று தேடி, வந்த பக்கத்தின் முகவரியை அப்படியே ஒட்டுவது பரவலான பழக்கம். தேடல் பக்கம் நிலையானது அல்ல. இன்று மேலே நிற்கும் நம் நூல் நாளை கீழே போகலாம். சித்தர் நூலோ, மிளகோ, மலைத்தேனோ முன்னால் வரலாம். கடைக்கு விளம்பரக் கட்டணம் செலுத்திய வேறொருவரின் நூல் முதலிடம் பிடிக்கலாம். நாம் செலவழித்து அழைத்துவந்த வாசகரை அடுத்த கடை வாசலில் விட்டுவருவதற்கு இது சமம்.

பழைய இலக்கியங்களில் சிக்கல் இன்னும் ஆழமானது. கொல்லிமலையை ஆண்ட ஓரியைப் பாடும் புறநானூற்றையே எடுத்துக்கொள்வோம். 1894-இல் உ.வே. சாமிநாதையர் பதிப்பித்த நூல். ஔவை சு. துரைசாமிப் பிள்ளையின் விரிவான உரையைச் சைவசித்தாந்த நூற்பதிப்புக் கழகம் இரண்டு பகுதிகளாக வெளியிட்டது. புலியூர்க் கேசிகனின் எளிய உரையும் உண்டு. மூலமோ மதுரைத் திட்டம் என்ற மின்னூல் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. துரைசாமிப் பிள்ளை உரை என்று விளம்பரம் செய்துவிட்டு வேறொரு பதிப்பின் பக்கத்துக்கு அனுப்பினால், பார்சலைப் பிரிக்கும்போதுதான் வாசகருக்கு அது தெரியும். அவர் நம்மை மறுபடி நம்பமாட்டார். இதைத் தடுக்கும் வழி, நூலை அடையாளம் காட்டும் எண்ணான ஐஎஸ்பிஎன். 2007 முதல் 13 இலக்கங்கள் கொண்ட அந்த எண், உரையோ பதிப்போ கட்டமைப்போ மாறினால் மாறும். வெறும் மறுஅச்சுக்கு மாறாது. இணைப்பைத் திறந்து, பக்கத்திலுள்ள எண்ணைப் பின்னட்டை எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

எந்தப் பக்கத்தைத் தருவது? பதிப்பகத்தின் சொந்தத் தளத்தில் அந்த ஒரு நூலுக்கென்றே அமைந்த பக்கத்தைத்தான் என்பது என் முடிவு. கடையில் இருப்புத் தீர்ந்தாலும் அந்தப் பக்கம் நிற்கும். சேலத்து வாசகருக்கு ஒரு கடை, டொராண்டோ வாசகருக்கு வேறொரு கடை, மின்னூலுக்கு இன்னொன்று என்று அங்கிருந்தே வழி பிரித்துவிடலாம். சொந்தத் தளம் இல்லாதவர்கள் கடையில் நூலுக்குரிய நேரடிப் பக்கத்தைத் தரலாம். அமேசான் முகவரி 10 எழுத்துக் குறியீட்டோடு முழுமையடைந்துவிடும். அதற்குப் பின் நீளும் வால் பெரும்பாலும் நம் தேடலின் தடயம். விளம்பரக் கணக்குக்காக நீங்களே சேர்த்த குறியீடு இருந்தால் அதை மட்டும் நீக்க வேண்டாம்.

முகவரிக்குள் தமிழ் எழுத்துகளைத் தவிர்க்கலாம் என்றும் சொல்வேன். தமிழ்ப் பற்றுக்கும் இதற்கும் தொடர்பில்லை. ‘கொல்லிமலை’ என்ற சொல் நகலெடுத்து ஒட்டப்படும்போது சதவீதக் குறிகளும் ஆங்கில எழுத்துகளும் எண்களுமாக 81 குறிகளாக நீண்டுவிடும். சுவரொட்டியில் அச்சிடும் க்யூஆர் குறியீடும் அதற்கேற்ப நெருக்கமாகி, கைபேசி அதைப் படிக்கத் திணறும். நூலின் ஐஎஸ்பிஎன்னையே முகவரியின் கடைசிப் பகுதியாக வைத்தால் 13 இலக்கங்களோடு முடிந்துவிடும்.

நீளத்துக்கு அஞ்சி இலவச முகவரிச் சுருக்கிகளிடம் போவதும் ஆபத்து. கூகுள் நிறுவனமே 2019-இல் தன் சுருக்கிச் சேவையில் புதிய முகவரிகள் தருவதை நிறுத்தியது. பின்னர், பயன்பாட்டில் இல்லாத பழைய முகவரிகள் 2025 ஆகஸ்ட் 25-க்குப் பின் இயங்காது என்றும் அறிவித்தது. ஒரு தமிழ் நூலின் முதல் அச்சு விற்றுத் தீரவே சில ஆண்டுகள் ஆகும். பின்னட்டையில் அச்சான முகவரி அதற்கும் பிறகு உயிரோடு இருக்க வேண்டும்.

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வரும் பயணியும், மலையிலேயே வாழும் மாணவரும் அந்த விளம்பரத்தைக் கைபேசியில்தான் திறப்பார்கள். கனமான படங்களும் மேலெழும் பெட்டிகளும் நிறைந்த பக்கம் அலைவரிசை மெலிந்த இடத்தில் திறக்கவே திறக்காது. எனவே வெளியிடும் முன், எந்தக் கணக்கிலும் உள்நுழையாத ஒரு கைபேசியில், வைஃபையை அணைத்துவிட்டு உங்கள் இணைப்பை நீங்களே ஒருமுறை தொட்டுப் பாருங்கள். நூலின் பெயர், பதிப்பு, விலை, வாங்கும் பொத்தான் நான்கும் உடனே தெரியாவிட்டால் விளம்பரத்தை நிறுத்திவைத்து முதலில் பக்கத்தைச் சரிசெய்யுங்கள்.