எண் பிழைப்பின் உயிர் பிழையாது

நிலத்தில் செல்வோர்க்கு வழித்தடம் உண்டு. கடலோரம் செல்வோர்க்குக் கரை உண்டு. வானில் செல்வோர்க்கோ இவ்விரண்டும் இல. அவரை வழிநடத்துவன எண்களே.

அவ்வெண்கள் இரண்டு. நிலவுருண்டையின் நடுக்கோட்டினின்று வடக்கேயோ தெற்கேயோ எத்துணைப் பாகை என்பதைக் காட்டுவது அகலாங்கு. இங்கிலாந்தின் கிரீனிச்சு வழியே செல்லும் கோட்டினின்று கிழக்கேயோ மேற்கேயோ எத்துணைப் பாகை என்பதைக் காட்டுவது நெட்டாங்கு. அட்சரேகை, தீர்க்கரேகை எனப் பலரும் வழங்குவன இவையே. பாகையை அறுபதாகப் பகுத்த ஒரு கூறு கலை எனப்படும்.

அகலாங்கின் ஒரு பாகை எவ்விடத்தும் ஏறத்தாழ 111 கி.மீ. ஆகும். நெட்டாங்கின் ஒரு பாகையோ நடுக்கோட்டில் மட்டுமே அத்தொலைவினது. நெட்டாங்குக் கோடுகள் எல்லாம் இரு முனைகளிலும் ஒன்றுகூடுதலின், முனையை நெருங்க நெருங்க அது குறுகும். தெற்கே 78 பாகையில் 23 கி.மீ. அளவே எஞ்சும். அக்குறுகிய தொலைவும் உயிர் குடிக்கப் போதும் என்பதற்கு எரெபசு மலையே சான்று.

28-11-1979 அன்று நியூசிலாந்து அரசுக்குரிய நிறுவனத்தின் வானூர்தி ஒன்று, தென்முனைப் பனிநிலத்தைச் சுற்றிக் காட்ட, 257 பேருடன் ஆக்லாந்தினின்று புறப்பட்டது. வழியின் தென்கோடி இலக்கு மெக்மர்டோ. அதன் நெட்டாங்கு, நிறுவனக் கணினியில் கிழக்கு 164 பாகை 48 கலை எனப் பிழையாகப் பதிந்திருந்தது. அப்பிழை ஊர்தியை மலையில்லாத பனிக்கடல்மேல் செலுத்தியமையின் கேடு விளைந்திலது. அவ்வழித்திட்டமே வானோடியர்க்கு முன்கூட்டிக் காட்டப்பட்டது. புறப்படுதற்குச் சில மணி நேரத்திற்கு முன்னர் அவ்வெண் 166 பாகை 58 கலை எனத் திருத்தப்பட்டது. திருத்தியதை வானோடியர்க்கு எவரும் சொல்லவில்லை!

வேறுபாடு 2 பாகை 10 கலை. அவ்விடத்தில் 50 கி.மீ. அளவு. புதிய கோடு, ஏறத்தாழ 3,800 மீட்டர் உயரமுள்ள எரெபசு எரிமலையை நோக்கியது. வெண்பனிச் சரிவும் வெண்முகிலும் ஒன்றாய்த் தோன்ற, மலை கண்ணுக்குப் புலப்பட்டிலது. கடல்மேல் செல்கின்றோம் என நம்பித் தாழப் பறந்த ஊர்தி மலைச்சரிவில் மோதியது. 257 பேரும் மாண்டனர்.

1980-இல் வெளிவந்த முதல் அறிக்கை வானோடியின்மேல் பழியை ஏற்றியது. இறந்தவர் எழுந்து வந்து மறுமொழி கூறார் அல்லரோ? ஆயின் 1981-இல், அரசு அமர்த்திய உசாவலை நடத்திய முறைவர் பீட்டர் மாகன், எண்ணை மாற்றிவிட்டு வானோடியர்க்கு அறிவியாது விட்டதே முதன்மைக் கரணியம் என முடிவுரைத்தார். அந்நாட்டுத் தலைமையமைச்சர் இறந்தோரின் உறவினரிடம் அரசின் சார்பில் பொறுத்தருள வேண்டியது 2019-இல்தான். ஓர் உண்மை அரசின் வாயினின்று வெளிவர நாற்பது ஆண்டுகள்!

இன்று செயற்கைக்கோள்கள் ஊர்தியின் இருப்பிடத்தைச் சில மீட்டர் அளவில் காட்டுகின்றன. ஆயினும், இருக்கும் இடத்தைத்தான் கருவி கூறும். செல்ல வேண்டிய இடத்தைக் கூறுபவன் மாந்தனே. அவன் இடும் எண் பிழையாயின், கருவி அப்பிழையான இடத்திற்கே பிழையின்றிக் கொண்டு சேர்க்கும்.

பிழையைத் திருத்துதல் அறமே. திருத்தியதை, அதனை நம்பிச் செல்வோர்க்கு உரையாமை அறமன்று. அதனால் விளைந்த கேட்டை மாண்டவர் தலையில் சுமத்துதல் கொடுமை. எண்ணை மாற்றும் கையுடையார், அம்மாற்றத்தைச் சொல்லும் வாயும் உடையராதல் வேண்டும். ஓர் அறையில் அமர்ந்து ஒருவர் மாற்றும் எண், வானில் பல நூறு பேரின் உயிரைச் சுமந்து செல்கின்றது என்பதை நம் இளையோர்க்குக் கணக்கோடு சேர்த்தே கற்பிப்போமாக!