செபமாலை யார் கையில்?

மதம் மக்களுக்கு அபின். ஆகவே பக்தன் போராளி ஆகமாட்டான் என்று நம் தோழர்களிற் சிலர் பேசக் கேட்கிறோம். அவர்களை அயர்லாந்துக்கு அழைக்கிறோம்.

1916 ஏப்ரல் 24. டப்ளின் தலைமைத் தபால் நிலையத்தைக் கைப்பற்றிக் குடியரசு முரசறைந்தனர் வீரர்கள். வெளியே வெள்ளை ஆட்சியின் பீரங்கி. உள்ளே, துப்பாக்கி பிடித்த கைகளில் செபமாலை! குண்டு மழைக்கிடையே கூடிச் செபித்தார்கள் அந்தக் கத்தோலிக்க இளைஞர்கள். ஒரே வாரத்தில் எழுச்சி நசுக்கப்பட்டது. காலில் குண்டடிபட்டு நிற்கவும் இயலாத ஜேம்ஸ் கானலியை மே 12ந் தேதி நாற்காலியில் கட்டிவைத்துச் சுட்டார்கள். கானலி யார்? தொழிற்சங்கத் தலைவர், மார்க்சைக் கற்றவர். அவரே சாவதற்கு முன் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தார். முகம் சுளிக்காதீர், தோழரே! மனிதனை முழுதாகப் பாரும்.

ஆனால், பக்தி வேறு, பிஷப் வேறு. 1913ல் டப்ளின் முதலாளிகள் கதவடைப்புச் செய்து சுமார் 20,000 தொழிலாளரைத் தெருவில் நிறுத்தினார்கள். பட்டினியால் வாடிய பிள்ளைகளைச் சிலகாலம் இங்கிலாந்துத் தொழிலாளர் வீடுகளில் வைத்துச் சோறிட ஏற்பாடாயிற்று. வந்ததே கோபம் ஆர்ச்பிஷப் வால்ஷுக்கு! பிள்ளைகளின் விசுவாசம் கெட்டுவிடுமாம்! பாதிரிமார் துறைமுகத்திலே நின்று குழந்தைகளை மறித்தார்கள். விசுவாசம் பிழைத்தது. வயிறு?

1920 அக்டோபரில் கார்க் நகர மேயர் டெரன்ஸ் மாக்ஸ்வினி, 74 நாள் உண்ணாவிரதமிருந்து லண்டன் சிறையில் மடிந்தார். அடுத்த வாரமே, 18 வயது மாணவன் கெவின் பாரியைத் தூக்கிலிட்டார்கள். சிறைவாசலில் மக்கள் மண்டியிட்டுச் செபமாலை சொன்னார்கள். ஆயிரம் கண்டனக் கூட்டங்களுக்கு அது ஈடு என்போம். டிசம்பரிலோ, அதே கார்க் நகரத்துப் பிஷப், பதுங்கித் தாக்கும் போராளிகள் திருச்சபைக்குப் புறம்பானவர்கள் என்று ஆணையிட்டார். போராளிகள் ஆணையையும் கேட்டார்கள், செபமாலையையும் விடவில்லை, துப்பாக்கியையும் விடவில்லை!

இத்தனை தெளிவு போர்க்களத்தில் இருந்தது. அரசு கைக்கு வந்ததும் எங்கே போயிற்று? 1937 அரசியல் சட்டத்தில் கத்தோலிக்கத் திருச்சபைக்குத் 'தனி இடம்' எழுதிவைத்தார்கள், விவாகரத்தையும் தடுத்தார்கள். அந்நாட்டு விடுதலைக்கு உழைத்த உல்ஃப் டோனும் பார்னலும் புராட்டஸ்டண்டுகள் என்பது நினைவுக்கு வரவில்லை போலும்! 'தனி இடம்' நீங்க 1972ல் ஒரு வாக்கெடுப்பு தேவைப்பட்டது. விவாகரத்துத் தடை விலக 1995 வரை காத்திருந்தார்கள், கானலி சங்கம் கட்டிய அதே தெருக்களின் பெண்களும்.