அறியாமை யாருடையது?

சென்ற மாதம் நம் சங்கக் கட்டடத்தில் காசநோய் பற்றிய விளக்கக் கூட்டம் நடந்தது. தாராவியிலிருந்தும் செம்பூரிலிருந்தும் நூறு பேருக்கு மேல் வந்திருந்தனர்; பெண்களே அதிகம். பேச வந்த டாக்டர் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த தமிழர். அழைத்தவுடன், காசு வாங்காமல் வந்தார். அதற்கு நம் நன்றி. ஆனால் முக்கால் மணி நேரப் பேச்சில் அவர் பத்துத் தடவையாவது சொன்ன சொல் ஒன்று உண்டு: அறியாமை. "நம்ம ஜனங்களுக்கு அறியாமை ஜாஸ்தி. சொன்னாக் கேக்கறதில்லை. மாத்திரையைப் பாதியிலே விட்டுட்டு, பத்தியம், சூடு, மந்திரம்னு போயிடறா." கூட்டம் கைதட்டியது. கைதட்டியவர்களில் இதை எழுதுகிறவனும் ஒருவன்.

கூட்டம் முடிந்து தொண்ணூறு அடிச் சாலையில் நடந்து வரும்போது, தலையில் இட்லிப் பாத்திரம் சுமந்து தெருத்தெருவாய் விற்கும் நண்பர் ஒருவர் கூட வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். பேசாமலே வந்தவர் சயான் பக்கம் திரும்பும் இடத்தில் நின்று சொன்னார்: "அண்ணாச்சி, அந்த டாக்டர் சொன்ன ஆளு நாந்தான். மாத்திரை தின்ன மறுநாளே மூத்திரம் ரத்தமாட்டம் செவப்பாப் போச்சு. ஒடம்புல சூடு ஏறிட்டுதுன்னு நெனச்சேன். எளநி குடிச்சேன், வெந்தயம் ஊறவச்சுத் தின்னேன், நிக்கல. பயந்துபோய் மாத்திரைய நிப்பாட்டிட்டேன். நிப்பாட்டுனதும் சரியாப் போச்சு. அப்ப மாத்திரைதான தப்பு?"

தோழர்களே, இந்த மனிதனின் அறிவில் குறை எங்கே? கண்ணால் கண்டான்; காரணம் தேடினான்; தனக்குத் தெரிந்த மருந்தைச் செய்து பார்த்தான்; பலிக்கவில்லை; சந்தேகப்பட்ட பொருளை நிறுத்திச் சோதித்தான்; நின்றது. இவனுக்குத் தெரியாமல் போனது ஒரே ஒரு செய்தி. காசநோய்க்குத் தரும் மருந்துகளில் ரிஃபாம்பிசின் என்று ஒன்று இருக்கிறது. அது சிறுநீரையும் வியர்வையையும் கண்ணீரையும்கூட ஆரஞ்சுச் சிவப்பாக மாற்றும். அது ரத்தமுமல்ல, சூடுமல்ல, மருந்தின் சாயம்தான். அதனால் ஒரு தீங்கும் இல்லை. மாத்திரை அட்டையைக் கையில் கொடுக்கும்போது ஒரு நிமிடத்தில் சொல்லிவிடக்கூடிய சேதி இது. சொன்னவர் யாருமில்லை. மராத்தியில் ஏதோ சொன்னார்களாம், இவர் தலையாட்டினாராம். தலையாட்டினால் புரிந்தது என்று அவர்கள் எழுதிக்கொண்டார்கள். மூன்று வாரம் கழித்து அவர் வராததும் இன்னொன்றை எழுதிக்கொண்டார்கள்: "டிஃபால்டர்".

இந்தச் சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். வாங்கிய கடனைக் கட்டாமல் ஏய்க்கிறவனுக்கு வங்கிக்காரன் வைக்கும் பெயர் இது. பல ஆண்டுகளாக உலகம் முழுவதும் காசநோய்ப் பதிவேடுகளில் நோயாளிக்கு இந்தப் பெயரையே எழுதிவந்தார்கள். 2013-ல்தான் உலக சுகாதார நிறுவனம் இதைக் கைவிட்டு, 'தொடர்பு விட்டுப்போனவர்' என்ற பொருளில் வேறு சொல்லை ஏற்றது. பதிவேட்டில் மாறியது, வாயில் மாறவில்லை. இட்லிக்காரர் காதால் கேட்டது பழைய சொல்லைத்தான்.

மருந்தை அரைகுறையாகத் தின்றால் கிருமி சாகாது, மருந்துக்கே பழகிவிடும் என்று டாக்டர் எச்சரித்தார். அது முழு உண்மை. ஆறு மாதம் என்றால் ஆறு மாதமும் தின்றாக வேண்டும். 2012 ஜனவரியில், தாராவிக்குப் பக்கத்து மாகிமில் உள்ள இந்துஜா மருத்துவமனையின் டாக்டர்கள், அன்று கையிலிருந்த எந்த மருந்துக்கும் அடங்காத காசநோயைக் கண்டதாக அறிவித்து நாட்டையே உலுக்கினார்கள். ஆனால் அந்தக் கிருமியை அப்படி வளர்த்துவிட்டது யார்? குடிசைவாசியின் மூடநம்பிக்கை மட்டுமா? 1991-ல் வெளியான ஆய்வு ஒன்றில் பம்பாய்க் குடிசைப் பகுதிகளில் தொழில் செய்யும் 100 தனியார் டாக்டர்களிடம் காசநோய்க்கு என்ன மருந்து எழுதுவீர்கள் என்று கேட்டார்கள். 80 விதமான சீட்டுகள் வந்தன! 2010-ல் இந்துஜா மருத்துவமனையின் டாக்டர் ஜரீர் உத்வாடியா குழுவினர் மும்பையில் 106 தனியார் டாக்டர்களிடம் மீண்டும் கேட்டார்கள். 63 விதம். சரியாக எழுதியவர்கள் ஆறே பேர்.

நூற்றாறு பேரில் ஆறு பேர். மற்ற நூறு பேரும் பட்டம் வாங்கி, பலகை மாட்டி, காசு வாங்கிக்கொண்டு வைத்தியம் செய்கிறவர்கள். அவர்களைப் பார்த்து 'அறியாமை' என்று பேச எந்தக் கூட்டத்துக்கு யார் போனார்கள்? அவர்கள் எழுதினால் சிகிச்சை, நம் ஆள் இளநீர் குடித்தால் மூடநம்பிக்கை!

பத்தியத்துக்கு வருவோம். டாக்டர் அதிகம் சிரித்தது இதற்குத்தான். காசநோயாளிக்குப் புரதம் வேண்டும். முட்டை, மீன், பருப்பு, கடலை வேண்டும். அதற்காகவே அரசு 2018 முதல் மாதம் 500 ரூபாய் கொடுத்தது. 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாய். அந்தப் பணம் வந்த வீட்டிலேயே, "கடுமையான மருந்து திங்கிற, மீனு கருவாடு ஆகாது" என்று ஆத்தாள் வெறும் மிளகு ரசம் ஊற்றுகிறாள். பார்க்கிறவனுக்குக் கோபம் வரத்தான் செய்யும். ஆனால் அவள் ஏன் அப்படிச் செய்கிறாள்? பற்பமும் செந்தூரமும் கொடுத்த நாட்டு வைத்தியன், மருந்து பாதி பத்தியம் பாதி என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவைத்தான். பத்தியம் இருக்கிறவள் மருந்தை அலட்சியம் செய்கிறவள் அல்ல. மருந்துக்கு நம்மை எல்லாம் விட அதிக மரியாதை கொடுக்கிறவள். இந்த மரியாதையைப் பிடித்துக்கொள்ளத் தெரிந்த செவிலி ஒருத்தி இருந்தால் என்ன சொல்வாள்? "ஆமா ஆச்சி, இதுக்கும் பத்தியம் இருக்கு. தெனம் ஒரு முட்டை, ரெண்டு வேளை பருப்பு. சாராயம் தொடவே கூடாது, ஈரல் கெட்டுப்போகும். ஒரு நாளும் தப்பாம மருந்து திங்கணும்." பொய் ஒன்றும் இல்லை. அத்தனையும் விஞ்ஞானம். மகனை ஆறு மாதம் கட்டிக் காக்க அந்த ஆத்தாளை விடச் சிறந்த காவல்காரி யார்?

இது டாக்டரின் வேலையல்ல. அவருக்கு நேரமும் கிடையாது. இது செவிலியின் வேலை. நோயாளியின் பக்கத்தில் எட்டு மணி நேரம் இருப்பவள் அவள்தான். நம் மொழியில் அவளுக்கு வைத்திருக்கும் பெயரைப் பாருங்கள். சங்க இலக்கியத்தில் தலைவியைத் தூக்கி வளர்க்கும் வளர்ப்புத் தாய்க்குச் செவிலி என்று பெயர். பெற்றவளுக்கு அடுத்தபடியாகப் பெண்ணின் மனம் அறிந்தவள். அந்தச் சொல்லைத்தான் நர்சுக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறோம்.

என் மூத்த மகள் 1988-ல் இந்நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் பிறந்தாள். எந்த ஆஸ்பத்திரி என்பது இப்போது வேண்டாம். என் மாமியார் ஊரிலிருந்து கொண்டுவந்த பேறுகால மருந்தை சிஸ்டர் குப்பைக் கூடையில் போட்டார். பிள்ளையின் நாக்கில் சேனை தொட்டு வைக்கப் போன கையைத் தட்டிவிட்டார். பச்சை உடம்புக்காரிக்குக் குடிக்க வெந்நீர் கேட்டதற்கு, "இது என்ன ஓட்டலா?" என்றார். மாமியார் அன்றைக்கே மகளை வீட்டுக்குக் கூட்டிப் போக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார், கூட்டியும் வந்துவிட்டோம். இத்தனை ஆண்டு கழித்து யோசித்துப் பார்க்கிறேன். சேனை விஷயத்தில் சிஸ்டர் செய்தது சரி. பிறந்த குழந்தைக்குச் சர்க்கரைத் தண்ணீர் ஆகாது. சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டுவதைப் போன்ற மடமை வேறில்லை. மருந்து உருண்டையில் என்ன இருந்தது என்று எனக்கும் தெரியாது. அவர் சந்தேகப்பட்டதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வெந்நீர்? அதில் என்ன கெடுதி? ஒரு தம்ளர் வெந்நீர் கொடுத்திருந்தால் அவர் சொன்ன மற்ற இரண்டையும் என் மாமியார் கேட்டிருப்பார்.

தீங்கில்லாததை விட்டுக்கொடுத்துத் தீங்கானதைத் தடுப்பதே கெட்டிக்காரத்தனம். நம் சயான் மருத்துவமனையில் டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸ் 1989-ல் தாய்ப்பால் வங்கியைத் தொடங்கினார். ஆசியாவிலேயே முதலாவது. ஒருத்தியின் பாலை இன்னொருத்தியின் பிள்ளைக்குக் கொடுப்பதா என்று கேட்கக்கூடிய பெண்கள் வந்து பிள்ளை பெறும் இடத்தில்தான் அது தொடங்கியது, நின்று நடந்தது. ஏழைத் தாய்க்குச் சொன்னால் புரியாது என்று நினைத்திருந்தால் நடந்திருக்குமா?

நம் பக்கத்துக் குற்றத்தையும் மறைக்க வேண்டாம். 2022-ன் கடைசியில் செம்பூருக்கு அடுத்த கோவண்டியில் தட்டம்மை பரவிக் குழந்தைகள் செத்தன. தடுப்பூசி போட்டிருந்தால் தடுத்திருக்கக்கூடிய சாவு. நம் வீடுகளில் தட்டம்மை வந்தாலும் சின்னம்மை வந்தாலும் 'ஆத்தா வந்திருக்கா' என்று ஒரே பேச்சுத்தான். வேப்பிலை சொருகி, வெளியாளை உள்ளே விடாமல், நோயாளியைத் தனியே கிடத்துவதில் நியாயம் உண்டு. தொற்றுநோயைக் கண்ட மக்கள் கண்டுபிடித்த முறை அது. ஆனால் மூச்சு வாங்குகிற பிள்ளையைத் தண்ணீர் ஊற்றும்வரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் வைத்திருப்பது பக்தியல்ல, கொலை. பெரியம்மை 1975-ல் இந்தியாவை விட்டு ஓடியது தடுப்பூசியால்தான்; ஆத்தா கோபித்துக்கொள்ளவில்லை. வேப்பிலையைப் பிடுங்கி எறிகிற செவிலியை மறுமுறை தெருவுக்குள் விடமாட்டார்கள். "வேப்பிலை இருக்கட்டும், இந்த வைட்டமின் ஏ மருந்தை இன்னைக்கும் நாளைக்கும் குடுத்துடுங்க, மூச்சு வாங்கினா உடனே தூக்கிட்டு வாங்க" என்கிறவள் பிள்ளையைக் காப்பாற்றுவாள்.

வெளிநாட்டில் இதற்குப் படிப்பே வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் மேடலின் லெய்னிங்கர் என்ற செவிலி, பண்பாடு அறிந்து பேணுவதை ஒரு பாடமாகவே வளர்த்தார். நமக்குப் பொருத்தமாகப் படுவது நியூசிலாந்துக் கதை. அங்கே மண்ணின் மைந்தர்களான மாவோரி மக்கள் வெள்ளையர் ஆஸ்பத்திரிகளில் பட்ட அவமானம் கொஞ்சமல்ல. ஐரிஹபெட்டி ராம்ஸ்டன் என்ற மாவோரிச் செவிலி ஒரு கேள்வியைத் திருப்பிப் போட்டார்: நான் நன்றாகப் பேணினேனா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியவள் செவிலியா, நோயாளியா? நோயாளிதான் என்றார். 1992-ல் அந்நாட்டு நர்சிங் கவுன்சில் இதைச் செவிலியர் படிப்பில் கட்டாயமாக்கியது.

இங்கே ஒரு எச்சரிக்கை. 'தமிழர் அரிசி உண்பர், அம்மனைக் கும்பிடுவர்' என்று நாலு பக்கப் புத்தகம் அச்சடித்து வார்டில் தொங்கவிடுவதை நாம் கேட்கவில்லை. தாராவி இட்லிக்காரர் ஒரு தமிழர். தோல் பதனிட வந்தவரின் பேரன் ஒரு தமிழர். 1976 நெருக்கடிநிலைக் காலத்தில் ஜனதா காலனி இடிக்கப்பட்டுச் சீட்டா கேம்ப் சதுப்பில் கொண்டுபோய்க் கொட்டப்பட்ட தமிழ் முஸ்லிம் அம்மா ஒரு தமிழர். மாட்டுங்கா டாக்டரும் தமிழர்தான். அவருக்கும் இட்லிக்காரருக்கும் மொழி ஒன்றாக இருந்தும் சேதி போய்ச் சேரவில்லையே! ஆகவே பட்டியல் வேண்டாம், கேட்டால் போதும். உங்களுக்கு என்ன ஆயிற்று என்று நினைக்கிறீர்கள்? எதனால் வந்தது? வீட்டில் என்ன செய்தீர்கள்? எதற்குப் பயப்படுகிறீர்கள்? மூன்று நிமிடம் ஆகும்.

மூன்று நிமிடம் எங்கே இருக்கிறது என்று செவிலியர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. போதனா மருத்துவமனைப் பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த அளவு. எந்த வார்டிலாவது கண்டதுண்டா? அவர்களும் பெரும்பாலும் நம்மைப் போலப் பிழைக்க வந்தவர்கள். 2021 ஜூனில் டெல்லி அரசு மருத்துவமனை ஒன்றில் செவிலியர் மலையாளம் பேசக்கூடாது என்று உத்தரவு போட்டு, எதிர்ப்பு கிளம்பியதும் மறுநாளே வாபஸ் வாங்கினார்கள். நம் சண்டை அந்தச் சகோதரிகளோடு அல்ல. அவர்களுக்கு ஆள் கூட்டு என்று அவர்கள் கொடி பிடித்தால் நாமும் பின்னால் நிற்க வேண்டும்.

மாநகராட்சியிடம் நாம் கேட்பது பெரிய காரியமல்ல. தாராவி, செம்பூர் பக்கத்து மையங்களில் தமிழ் தெரிந்த ஓர் ஊழியர். மாத்திரை அட்டையோடு தமிழில் ஒரு தாள். முதல் வரியில் சிறுநீர் நிறம் மாறும் சேதி. புரியும் மொழியில் விளக்கம் பெறுவது நோயாளியின் உரிமை என்று தேசிய மனித உரிமை ஆணையத்தின் 2018 சாசனமே சொல்கிறது. நம்மையும் கேட்டுக்கொள்வோம்: மூன்று தலைமுறையாக இங்கே இருக்கிறோம், நம் பெண்களில் எத்தனை பேரைச் செவிலியர் படிப்புக்கு அனுப்பினோம்? மலம் மூத்திரம் அள்ளுகிற வேலை, கண்ட சாதிக்காரனையும் தொடுகிற வேலை என்று சொன்னது யார் வாய்?

இட்லிக்காரர் மறுபடி சளிப் பரிசோதனை கொடுத்து, மருந்தைத் திரும்பத் தொடங்கியிருக்கிறார். அடுத்த மாதக் கூட்டத்துக்கு அதே டாக்டரை அழைத்திருக்கிறோம், வருவதாகச் சொல்லியிருக்கிறார். முதலில் பேசப்போவது இட்லிக்காரர்.