கறிக்குழம்பும் கொரோனா ஊசியும்

ஊசி போட்டால் கறி தின்னக்கூடாதாம், தண்ணி அடிக்கக்கூடாதாம்! 2021-ல் ஞாயிற்றுக்கிழமை கொரோனா முகாம்களுக்கு வராமல் சிலர் நழுவியது இதனால்தான் என்று மந்திரியே சொன்னார்.

இத்தனைக்கும் செப்டம்பர் 12-ந் தேதி நடந்த முதல் மெகா முகாமில் இலக்கு 20 லட்சம் பேர். போட்டுக்கொண்டவர்கள் 28 லட்சத்துக்கும் மேல். 9 முதல் 12-ம் வகுப்பு வரை பள்ளிக்கூடம் திறந்த மாதம் அது. ஊசி தெருவுக்கே வந்தது. கூலிக்காரர் ஒருநாள் சம்பளத்தை விட்டு ஆஸ்பத்திரியில் கால்கடுக்க நிற்க வேண்டியதில்லை.

நழுவியவர்களை அரசு ஏசவில்லை. அக்டோபரில் முகாமையே சனிக்கிழமைக்கு மாற்றியது. சபாஷ்! (சனிக்கிழமையும் டாஸ்மாக் திறந்துதான் இருந்தது, அது வேறு விஷயம்.)

2022 ஜனவரி 10 முதல் சென்னை மின்சார ரயிலில் ஏற 2 ஊசிக்கும் சான்றிதழ் கேட்டார்கள். கெடுபிடிதான். ஊசியைத் தெருமுனைக்குக் கொண்டுவராமல் கேட்டிருந்தால், தாம்பரத்துப் பயணி சும்மா விட்டிருப்பாரா?