உள்ளறைகளுக்கும் கதவு வேண்டும்

2022 நவம்பர் 23-ஆம் தேதி தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகள் முடங்கின. வெளிநோயாளிகள் பதிவு, ஆய்வகப் பணிகள் போன்றவை பல நாள்கள் காகிதத்தில்தான் நடந்தன. ஐந்து சர்வர்களில் இருந்த சுமார் 1.3 டெராபைட் தரவுகள் முடக்கப்பட்டதாக அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. வலையமைப்பு முறையாகப் பிரிக்கப்படாததே ஊடுருவலுக்கு வழிவகுத்தது என்றும் அந்தப் பதில் குறிப்பிட்டது. நாம் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

பெரிய நிறுவனங்களில் கணினிகளை 'ஸ்விட்ச்' எனும் கருவிகள் இணைக்கின்றன. பதிவு முகப்பில் உள்ள கணினி எல்லா சர்வர்களையும் தடையின்றி எட்ட முடியுமானால், அதில் புகுந்த தீநிரலும் எட்டிவிடும். வலையமைப்பைப் பகுதிகளாகப் பிரித்து, இடையே 'அணுகல் கட்டுப்பாட்டுப் பட்டியல்' அமைப்பதே இதற்கான அடிப்படைத் தடுப்பு. எந்த முகவரியிலிருந்து எந்த முகவரிக்கு, எந்தச் சேவைக்காகத் தரவு செல்லலாம் என்பதை அதன் விதிகள் வரையறுக்கின்றன. பொதுவாக விதிகள் மேலிருந்து கீழாகப் படிக்கப்படும். முதலில் பொருந்தும் விதியே செயல்படும். அவசரத் தேவைக்கென 'அனைத்தையும் அனுமதி' என்று மேலே ஒரு வரி சேர்த்து, பின்னர் நீக்க மறந்தால் கீழுள்ள தடைகள் அனைத்தும் வீண்.

நிறுவனங்களுக்கான ஸ்விட்சுகள் பலவற்றில் இந்த வசதி ஏற்கெனவே உண்டு. தேவைப்படுவது அதை இடைவிடாது பராமரிக்கும் நிபுணரின் உழைப்பு. கருவி வாங்குவது ஒருமுறை செய்யும் மூலதனச் செலவு; கண்ணுக்குத் தெரியும். பராமரிப்போ ஆண்டுதோறும் தொடரும் செலவு. அதற்குத் திறப்பு விழா கிடையாது. மேலும், ஒரு விதி மருத்துவரின் பணியைத் தடுத்தால் உடனே புகார் எழும். தேவையற்ற அனுமதி குறித்துத் தாக்குதல் நிகழும்வரை எவரும் புகார் கூறுவதில்லை. ஆகவே, கட்டுப்பாடுகள் தளர்ந்துகொண்டே போவது இயல்பு. அதன் விலையைக் கொடுப்பவர் வரிசையில் காத்திருக்கும் நோயாளி.

இப்பட்டியல் சர்வரோக நிவாரணி அல்ல. அனுமதிக்கப்பட்ட வழியிலும் ஊடுருவல் நேரலாம். மென்பொருள் புதுப்பிப்பும் தனியே காக்கப்படும் தரவு நகல்களும் அவசியமே. ஆனால், ஓர் அறையில் பற்றிய தீ வீடு முழுவதும் பரவாமல் தடுக்க இது உதவும்.

பொது மருத்துவமனைகளில் ஒவ்வொரு விதிக்கும் காரணம், பொறுப்பாளர், காலாவதி நாள் ஆகியவை பதிவு செய்யப்பட வேண்டும். ஆண்டுதோறும் தணிக்கை நடைபெற வேண்டும். கருவிக்கு நிதி ஒதுக்கும்போதே அதைக் காப்பவருக்கும் ஒதுக்குவதுதான் சிக்கனம்.